முன்ஷி அப்துல்லா

தாய்நாட்டைவிட்டுப் பெயர்ந்து வாழ்வோர், முன்னோரின் மொழியையும் சமயத்தையும் மறவாது காத்தல் அரிது. அவற்றைக் காத்ததோடு, புகுந்த நாட்டு மொழிக்கும் அருந்தொண்டு புரிதல் அதனினும் அரிது. அத்தகைய தொண்டு புரிந்தவருள் முன்ஷி அப்துல்லா ஒருவராவர்.

புதுக்கோட்டை மாவட்டத்து விராலிமலையிலிருந்து கிழக்கு நோக்கிச் சென்றால், தஞ்சையைக் கடந்து நாகூர்க் கடற்கரையை அடையலாம். பண்டு அங்கிருந்து தமிழ் முஸ்லிம் வணிகர் பலர் கப்பலேறிக் கீழைநாடுகளுக்குச் சென்றனர். ஏமன் நாட்டு அரபு ஆசிரியர் ஒருவர் நாகூருக்கு வந்து சமயக் கல்வி கற்பித்தார். அங்கேயே மணம் புரிந்துகொண்டார். அவருடைய மைந்தருள் ஒருவர் மலாக்கா நகரை அடைந்து, பெரியாச்சி என்னும் பெண்மணியை மணந்தார். அவர்களுடைய பேரரே அப்துல்லா. இவர் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் மலாக்காவில் பிறந்தார்.

அக்காலத்தில் மலாக்காவில் தமிழ் வணிகர் மிகுதியாக வாழ்ந்தனர். ஆதலால், கணக்கு எழுதுவதற்கும் வாணிகம் பேசுவதற்கும் தமிழ் வேண்டியிருந்தது. செல்வர் வீட்டுப் பிள்ளைகள் தமிழ் கற்பது அந்நகரத்து வழக்கம். அப்துல்லாவும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தமிழ் பயின்றார். திருக்குர்ஆனை ஓதவும் அழகுற எழுதவும் கற்றார். கோட்டையிலிருந்த இந்தியப் படைவீரர்களிடம் இந்துஸ்தானி பயின்று, அவர்களுக்குத் திருக்குர்ஆன் கற்பித்தார். அவர்களே இவரை ‘முன்ஷி’ என்று அழைத்தனர். மொழியாசிரியர், எழுத்தர் என்னும் பொருளுடைய அச்சொல் பாரசீக மொழி வழியாக இந்தியாவிற்கு வந்ததாகும்.

சிறுவராய் இருந்தபோதே அப்துல்லா, ராபிள்ஸ் துரையிடம் எழுத்தராகப் பணி செய்தார். பின்னர்க் கிறித்தவப் பாதிரிமார்க்கு மலாய் கற்பித்து, அவர்தம் விவிலிய மொழிபெயர்ப்பிலும் துணை புரிந்தார். அது கண்ட சிலர், ‘அப்துல்லா பாதிரி’ என்று இவரை இகழ்ந்தனர். இவரோ தம் சமயத்தினின்று சிறிதும் வழுவவில்லை, கற்பித்தலையும் கைவிடவில்லை.

இவர் 1835-ஆம் ஆண்டில், தமிழ் நண்பர் ஒருவரின் துணைகொண்டு, பஞ்சதந்திரக் கதைகளைத் தமிழிலிருந்து மலாயில் பெயர்த்தார். அக்கதைகளும் நாடுபல கடந்தவையே. ஆறாம் நூற்றாண்டில் அவை ஈரான் சென்று பகலவி மொழியைப் பெற்றன. எட்டாம் நூற்றாண்டில் இபுனுல் முகபா என்பார் அவற்றை அரபியில் எழுதினார். அவர் பிறப்பால் ஈரானியர், இஸ்லாத்தைத் தழுவியவர். ஈரானியர் ஒருவர் அரபு உரைநடையை வளர்த்தார். நாகூர் மரபினர் ஒருவர் மலாய் உரைநடையை வளர்த்தார். இவ்வொற்றுமை எண்ணத் தக்கது.

1838-இல் அப்துல்லா கிளந்தான் நாட்டிற்குக் கடற்பயணம் மேற்கொண்டு, கண்டவற்றை நூலாக எழுதினார். மன்னர் குடிகளை வருத்துவதையும், மக்கள் கல்வியின்றி வாடுவதையும் அஞ்சாது எடுத்துரைத்தார். மலாய் மக்கள் தம் மொழியை முறையாகக் கல்லாமை குறித்தும் வருந்தினார். ஆங்கிலேயரை இவர் அளவிறந்து புகழ்ந்தார் எனக் குறை கூறுவோரும் உளர். அக்குறை முற்றும் புறக்கணிக்கத் தக்கதன்று. எனினும், குடிகளின் துன்பத்தைக் கண்டும் வாளாவிருத்தல் இவர்க்கு இயலவில்லை. 1849-இல் அச்சான ‘இக்காயத் அப்துல்லா’ என்னும் இவருடைய வாழ்க்கை வரலாறு மலாய் இலக்கியத்தில் புதுநெறி காட்டிய நூலாகும். அரசர் புகழையும் பழங்கதையையும் பாடுவது பெருவழக்காயிருந்த காலத்தில், தாம் கண்ட உலகையே இவர் எழுதினார்.

1854-இல் மக்காவிற்குப் புனிதப் பயணம் சென்ற அப்துல்லா, அரபு நாட்டிலேயே உயிர்நீத்தார். பாட்டனாரின் தந்தை விட்டுவந்த நிலப்பகுதிக்கே அவர் இறுதியில் சென்றார்.

இவரை அரபியர் என்பதா, தமிழர் என்பதா, மலாயர் என்பதா? மூன்றும் பொருந்தும். ஒன்றைப் பெறுதற்கு மற்றொன்றை இழத்தல் வேண்டா என்பதற்கு இவர் வாழ்வே சான்று. பிறமொழியை மதித்துக் கற்பவனே தன் மொழியின் அருமையை நன்கு உணர்வான். மாணவர்கள் இதனை உளங்கொள்வார்களாக!

பயிற்சி

1. மலாக்காவில் தமிழ் கற்கும் வழக்கம் ஏன் இருந்தது?
2. பஞ்சதந்திரக் கதைகள் மலாய் மொழியை அடைந்த வரலாற்றை எழுதுக.
3. அப்துல்லாவைச் சிலர் இகழ்ந்தது ஏன்? அது தக்கதா? உம் கருத்தைக் கூறுக.