தண்ணீர்ப் பக்கம் நின்று படியுங்கள்

பிளஸ் ஒன்னில் உயிரி மூலக்கூறுகள் பாடத்துக்கு வந்ததும் பிள்ளைகள் மிரண்டுபோவதைப் பல ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். கார்போஹைட்ரேட், புரதம் வரை எப்படியோ தாக்குப்பிடிப்பார்கள். லிப்பிடுகளும் நியூக்ளிக் அமிலங்களும் வந்துவிட்டால் புத்தகம் அவர்களுக்கு வெறும் பெயர்ப்பட்டியலாகிவிடும். உங்களுக்கு அப்படி ஆகக் கூடாது. சில விஷயங்களைச் சொல்கிறேன்.

1. எந்த மூலக்கூறைப் பார்த்தாலும் முதலில் இதைக் கேளுங்கள்: இதில் எந்தப் பகுதி தண்ணீரோடு சேரும், எந்தப் பகுதி விலகும்? செல்லுக்கு உள்ளேயும் தண்ணீர், வெளியேயும் தண்ணீர். இந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டால் பாதிப் பாடம் தானே விளங்கும்.

2. லிப்பிடுகளில் மோனோமரைத் தேடாதீர்கள். அவை பாலிமர்கள் அல்ல. தண்ணீரில் கரையாது, ஈதரிலும் குளோரோஃபார்மிலும் கரையும் என்ற குணத்தை வைத்தே மெழுகு, எண்ணெய், நான்கு வளையம் கொண்ட கொலஸ்டிரால் எல்லாவற்றையும் ஒரே குடும்பத்தில் சேர்த்திருக்கிறார்கள்.

3. டிரைகிளிசரைடைக் கையால் வரையுங்கள். ஒரு கிளிசரால், மூன்று கொழுப்பு அமிலங்கள், மூன்று எஸ்டர் பிணைப்புகள், வெளியேறும் மூன்று நீர் மூலக்கூறுகள். வரைந்த பிறகு சமையலறைக்குப் போய்ப் பாருங்கள். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் உறைந்திருக்கும், பக்கத்தில் நல்லெண்ணெய் ஓடிக்கொண்டிருக்கும். தேங்காய் எண்ணெயில் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு அமிலங்கள். அவற்றின் நேரான சங்கிலிகள் நெருங்கி அடுக்கிக்கொள்ளும். அதனால் ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனாலே எண்ணெய் கட்டியாகிவிடுகிறது. நல்லெண்ணெயில் ஒலியிக், லினோலியிக் அமிலங்கள் அதிகம். இரட்டைப் பிணைப்பு உள்ள இடத்தில் சங்கிலி வளைவதால் அவற்றால் அப்படி நெருங்க முடியாது. நிறைவுற்றது, நிறைவுறாதது என்ற வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக எந்தப் படமும் காட்டாது.

4. டிரைகிளிசரைடில் ஒரு கொழுப்பு அமிலத்தின் இடத்தில் பாஸ்பேட் தொகுதி வந்தால் பாஸ்போலிப்பிடு. பாஸ்பேட் தலை தண்ணீரை நாடும், வால்கள் ஒதுங்கும். தண்ணீரில் விட்டால் தலைகள் வெளிப்புறமும் வால்கள் உட்புறமுமாக இரண்டு அடுக்காகத் தாமே அணிவகுத்துவிடும். செல் சவ்வின் அடிப்படை இதுதான். நெதர்லாந்தில் கோர்ட்டர், கிரெண்டல் என்ற இரு ஆய்வாளர்கள் சிவப்பணுக்களின் லிப்பிடைப் பிரித்தெடுத்துத் தண்ணீர்மேல் ஒற்றை அடுக்காகப் பரப்பி அளந்தார்கள். அணுக்களின் மேற்பரப்பைப்போல இரண்டு மடங்கு வந்தது, அதாவது சவ்வில் இரண்டு அடுக்கு. 1925-இல் அதை வெளியிட்டார்கள். எளிய கருவிகளைக் கொண்டு எவ்வளவு பெரிய உண்மையைத் தொட்டார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

5. நியூக்ளிக் அமிலங்களின் அலகான நியூக்ளியோடைடில் மூன்றே உறுப்புகள்: சர்க்கரை, காரம், பாஸ்பேட். ரைபோஸுக்கும் டிஆக்ஸிரைபோஸுக்கும் வேறுபாடு இரண்டாம் கார்பனில்.

6. சார்காஃப் விதியைக் கணக்காகப் போட்டுப் பழகுங்கள். இரட்டை இழை டி.என்.ஏ.வில் அடினைன் 30 சதவீதம் என்றால் தைமினும் 30, குவானைன் 20, சைட்டோசின் 20. ஒற்றை இழை ஆர்.என்.ஏ.வுக்கு இந்தக் கணக்கைப் போடாதீர்கள். நல்ல மாணவர்களே இதில் மதிப்பெண்ணை இழக்கிறார்கள்.

7. டி.என்.ஏ.வின் அமைப்பை ஆராய்ந்த ரோசலிண்ட் பிராங்க்ளினைப் பற்றிப் படியுங்கள். 1951-இல் வாட்சனும் கிரிக்கும் கேம்பிரிட்ஜில் கட்டிய முதல் டி.என்.ஏ. மாதிரியில் பாஸ்பேட்டுகள் நடுவில் இருந்தன. லண்டனிலிருந்து வந்து பார்த்த பிராங்க்ளின் அதை ஏற்கவில்லை. பாஸ்பேட்டுகள் தண்ணீரைப் பார்த்து வெளியேதான் இருக்க வேண்டும் என்றார். 1953 தொடக்கத்தில் லைனஸ் பாலிங் போன்ற மேதையும் பாஸ்பேட்டுகளை உள்ளே வைத்தே ஒரு மாதிரியை வெளியிட்டார். அதே ஆண்டு ஏப்ரலில் வாட்சனும் கிரிக்கும் வெளியிட்ட சரியான மாதிரியில் பாஸ்பேட்டுகள் வெளியே, காரங்கள் உள்ளே. நான்காவதில் சொன்ன சவ்வை மீண்டும் பாருங்கள். அங்கும் பாஸ்பேட் வெளியேதான்.

8. ஒரு சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். பழுத்த வாழைப்பழத்தை மசித்து, உப்பும் பாத்திரம் கழுவும் திரவமும் கலந்த தண்ணீரில் மெதுவாகக் கலக்கி, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். ஆசிரியரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆய்வகத்து எத்தனாலை நன்றாகக் குளிரவைத்து டம்ளரின் ஓரமாக ஊற்றுங்கள். அருகில் தீ இருக்கவே கூடாது. இரண்டு திரவங்களும் சந்திக்கும் இடத்தில் வெள்ளை நூல்போல டி.என்.ஏ. திரண்டு வரும். பாத்திரம் கழுவும் திரவம் பாஸ்போலிப்பிடு சவ்வைக் கலைத்தது. உப்பு பாஸ்பேட்டின் எதிர்மின்சுமையைத் தணித்தது. எத்தனால் என்ன செய்தது என்பதை முதல் கேள்வியை வைத்து நீங்களே எழுதி ஆசிரியரிடம் காட்டுங்கள். அந்த வெள்ளை நூலில் ஆர்.என்.ஏ.வும் கலந்திருக்கும். அதை எப்படிப் பிரிப்பது என்றும் அவரிடம் கேளுங்கள்.