முதியோருடன் அமரும் நேரம்

விடுதலைக்குப் பின் நம் நாடு கண்டுள்ள முன்னேற்றங்களுள் மக்களின் ஆயுட்காலம் நீண்டிருப்பது தலையாய ஒன்றாகும். 1961-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது அறுபது வயதைக் கடந்தோர் ஏறத்தாழ 2.5 கோடிப் பேர்; மொத்த மக்கள் தொகையில் 5.6 சதவிகிதம். 2011-இல் இத்தொகை 10.38 கோடியாக, அதாவது 8.6 சதவிகிதமாக உயர்ந்தது. அவர்களுள் பத்தில் ஏழு பேர் கிராமங்களில் வாழ்ந்தனர். 2050-ஆம் ஆண்டில் இந்தியருள் ஐவரில் ஒருவர் முதியவராக இருப்பார் என ஐக்கிய நாடுகள் மக்கள் தொகை நிதியத்தின் 2023-ஆம் ஆண்டு அறிக்கை மதிப்பிடுகிறது.

இவ்வெண்களைக் கண்டதும் ஓய்வூதியம், மருத்துவம், பராமரிப்பு ஆகியவற்றுக்கு ஆகும் செலவே பலருக்கும் நினைவில் எழும். அச்செலவு இன்றியமையாதது. 1995-இல் தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டம் தொடங்கப்பட்டது. 1999-இல் முதியோருக்கான தேசியக் கொள்கை வகுக்கப்பட்டது. 2007-ஆம் ஆண்டுச் சட்டம், பெற்றோரையும் மூத்த குடிமக்களையும் பராமரிக்கும் கடமையைப் பிள்ளைகள் மீதும் உறவினர் மீதும் சுமத்தியது. எனினும், தீர்ப்பாயத்தின் ஆணையால் மாதாந்தரத் தொகையைப் பெற்றுத் தரலாமேயன்றி, முதியவரின் அருகே ஒருவரை அமர்ந்து பேச வைக்க இயலாது. அவ்வாறு அமர்வதால் முதியவர் மட்டுமன்றி, அமர்பவரும் சமுதாயமும் அடையும் பயன் எத்தகையது என்பதை ஆராய்வது பொருத்தமாகும்.

ஒரு மூதாட்டியும் ஒரு மொழியும்

அந்தமான் தீவுகளின் தொல்குடிகளுள் ஒரு பிரிவினரான பெரும் அந்தமானியர் ஒரு காலத்தில் பல மொழிகளைப் பேசி வந்தனர். 1858-இல் போர்ட் பிளேரில் ஆங்கிலேயர் கைதிகள் குடியிருப்பை அமைத்த பின்னர், நோய்களாலும் மோதல்களாலும் அவர்கள் தொகை விரைந்து குறைந்தது. அம்மொழிகளுள் ஒன்றான 'போ' மொழியை அறிந்த கடைசி மனிதர் போவா சீனியர் என்னும் மூதாட்டி. தம் மொழியில் உரையாட எவரும் இன்றி அவர் பல ஆண்டுகள் வாழ்ந்தார்.

மொழியியல் அறிஞர் அன்விதா அப்பி 2005-ஆம் ஆண்டு முதல் அவருடனும் அச்சமூகத்தின் ஏனைய மூத்தோருடனும் நெடுநேரம் செலவிட்டு, சொற்களையும் கதைகளையும் பாடல்களையும் பதிவு செய்தார். 2010-ஆம் ஆண்டு ஜனவரியில் போவா சீனியர் மறைந்தபோது அவருக்கு வயது 85 அளவில் இருந்தது. அவருடன் 'போ' மொழியும் மறைந்தது. ஆயினும் பெரும் அந்தமானிய மொழிக்கு இன்று அகராதியும் இலக்கணமும், பறவைப் பெயர்களைத் தொகுத்த நூலும் உள்ளன. பொறுமையோடு கேட்க ஒருவர் முன்வந்தமையால் எஞ்சிய செல்வம் இது. அவர் இருபது ஆண்டுகள் முன்னதாகச் சென்றிருப்பின் எவ்வளவு கிடைத்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

வழிவழி வந்த அறிவு உயிரையும் காக்கும். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபோது, லிட்டில் அந்தமான் தீவின் ஓங்கே மக்கள் கடல் உள்வாங்கியதைக் கண்டவுடன் உயரமான காட்டுப் பகுதிக்குச் சென்று உயிர் தப்பினர். நூல்களில் எழுதப்படாத அந்த அறிவு, மூத்தோர் சொல்ல இளையோர் கேட்டதனால் நிலைத்திருந்தது.

கிராமத்தின் நினைவு

இத்தகைய அறிவு தீவுகளில் மட்டும் இருப்பதன்று. 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டத்தின்படி அமைக்கப்படும் உள்ளாட்சிக் குழுக்கள், உள்ளூர் மக்களைக் கலந்து மக்கள் பன்மயப் பதிவேடுகளைத் தயாரிக்க வேண்டும். மறைந்துவரும் பயிர் வகைகள், மூலிகைகள், மீன் இனங்கள், மேய்ச்சல் நிலங்கள் ஆகியவை அதில் இடம்பெறுகின்றன. எந்த நெல் வெள்ளத்தைத் தாங்கியது, பஞ்ச காலத்தில் எக்கிழங்கு உணவாயிற்று என்பவற்றுக்கு விடை கூற வல்லவர் பெரும்பாலும் முதியோரே. படிவத்தை விரைந்து நிரப்ப முயல்பவருக்குச் செடியின் பெயர் மட்டும் கிடைக்கும். நாள் முழுதும் உடனிருந்து வயலைச் சுற்றி வருபவருக்கு அதனைப் பறிக்கும் பருவமும் பயன்படுத்தும் முறையும் கிடைக்கும்.

இரு தலைமுறைக்கும் நலம்

தனிமை முதியோரின் உடலையும் உள்ளத்தையும் நலிவிக்கிறது. சமூகத் தொடர்பின்மையும் செவித்திறன் குறைவும் மறதி நோய் வரும் வாய்ப்பை மிகுவிக்கும் காரணிகளுள் அடங்கும் என 2020-இல் 'லான்செட்' மருத்துவ இதழின் ஆணைக்குழு அறிவித்தது. உரத்த குரலில் நிதானமாகப் பேசும் ஓர் உரையாடலும் ஒருவகை மருத்துவமே.

இளையோர் அடையும் பயன் வேறு வகைப்பட்டது. முதுமையைப் பற்றி நல்லெண்ணம் கொண்டோர் ஏனையோரைவிடச் சராசரியாக ஏழரை ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தனர் என்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் 660 பேரிடம் நடந்த ஆய்வு 2002-இல் தெரிவித்தது. முதியோரை அருகிருந்து அறிந்த சிறுவருக்கு முதுமை அச்சந்தரும் அயல்நாடாகத் தோன்றாது. கொடுக்கல் வாங்கலும் இரு வழியாக நடைபெறுகிறது. 2014-இல் அறிமுகமான 'ஜீவன் பிரமாண்' என்னும் மின்னணு உயிர்ச் சான்றினைப் பெறப் பேரன் கைபேசியை இயக்குகிறான். அந்த அரை மணியில் தாத்தா தம் முதற் சம்பளத்தின் கதையைச் சொல்லி முடிக்கிறார்.

எச்சரிக்கையும் தேவை

முதியோர் கூறுவன யாவும் பிழையற்றவை எனக் கொள்ளுதல் தவறு. நினைவு தடுமாறும். சாதியையும் பெண்களையும் பற்றிய பழைய தப்பெண்ணங்கள் அனுபவம் என்னும் பெயரில் தொடர்வதும் உண்டு. கேட்பவர் மரியாதையோடு வினவலாம், மாறுபடவும் செய்யலாம். மேலும், வீட்டு முதியோரைக் கவனிக்கும் சுமை பெரும்பாலும் பெண்கள் மீதே விழுகிறது. அமர்ந்து பேசும் நேரமும் அவர்களுக்கே மற்றொரு கடமையாகிவிடாமல் ஆண்களும் சிறுவரும் அதனைப் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

செய்யக்கூடியவை

இதற்குப் பெரும் நிதி ஒதுக்கீடு தேவையில்லை. 2020-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள மாணவர்கள் பத்து நாட்கள் புத்தகப் பையின்றி, தச்சர், குயவர், தோட்டக்காரர் போன்றோரிடம் தொழில் பழகப் பரிந்துரைக்கிறது. அப்பணிக்கு மூத்த கைவினைஞரை அழைக்கலாம். 1969 முதல் இயங்கும் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள், முகாம் நடைபெறும் ஊரின் மூத்தோர் கூறுவனவற்றைப் பதிவு செய்து, படியொன்றை ஊராட்சி நூலகத்தில் வைக்கலாம்.

குடும்பங்கள் எந்தத் திட்டத்துக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு மாலை, ஒரு கேள்வி, இடைமறிக்காமல் கேட்கும் பொறுமை ஆகியன போதும். மூத்தோர் நெடுநாள் இருப்பர் என்னும் நம்பிக்கையில் தள்ளிப்போடப்படும் கேள்விகளே பெரும்பாலும் விடையின்றிப் போகின்றன.