அம்மாவின் ரத்தத்தில் கால்சியம் 14.6

கேள்வி: என் அம்மாவுக்கு 68 வயது. சர்க்கரை கிடையாது, பிரஷருக்கும் மூட்டுவலிக்கும் மருந்து சாப்பிடுகிறார். இரண்டு மாதமாகவே மலச்சிக்கல், சாப்பாட்டைக் கண்டால் குமட்டல். ராத்திரியில் நான்கைந்து தடவை பாத்ரூம் போவார். போன வாரம் திடீரென்று என்னையே யாரென்று கேட்டார். பக்கவாதமோ என்று எமர்ஜென்சிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். தலை ஸ்கேன் நார்மல், கால்சியம் 14.6 என்றார்கள். சலைன் ஏற்றி, ஊசி போட்டு, இப்போது 11.2. அம்மாவும் தெளிவாகப் பேசுகிறார். கால்சியம் எலும்புக்கு நல்லதுதானே டாக்டர்? புற்றுநோய் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டுமாம். எனக்குத் தூக்கமே வரவில்லை. பாலை நிறுத்திவிடலாமா?

பதில்: கால்சியம் இறங்கியதும் அம்மாவின் குழப்பமும் தெளிந்ததே, அது நல்ல அறிகுறி. நீங்கள் தாமதிக்காமல் கூட்டிக்கொண்டு போனதும் நல்லதாகப் போயிற்று.

எலும்புக்குள் இருக்கிற கால்சியம் வேறு, ரத்தத்தில் ஓடுகிற கால்சியம் வேறு. உடம்பின் கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும்தான் இருக்கிறது. ரத்தத்தில் ஓடுவது துளியூண்டு: 100 மில்லிக்கு ஏறத்தாழ 8.5 முதல் 10.5 மில்லிகிராம். நரம்பு, குடல், இதயம் எல்லாம் அந்தத் துளியை நம்பித்தான் இயங்குகின்றன. அது கூடினால் குடல் மந்தமாகும், மூளை மயங்கும், இதயத் துடிப்பு தடுமாறும். 14-ஐத் தாண்டிவிட்டால் நாங்கள் அடுத்த நாளுக்குத் தள்ளிப்போடுவதே இல்லை.

அம்மா ராத்திரியில் அடிக்கடி எழுந்தாரே, அதைக் கவனியுங்கள். கால்சியம் கூடும்போது சிறுநீரகத்தால் தண்ணீரைப் பிடித்து வைக்க முடியாது. சிறுநீராகக் கொட்டும், உடம்பு வறளும். வறண்ட உடம்பால் கால்சியத்தை வெளியேற்ற முடியாது, அதனால் அது இன்னும் ஏறும். அந்தச் சுழலை உடைக்கத்தான் முதல் மருந்தாக வெறும் உப்புநீர். சலைன்தானே என்று அதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். நீங்கள் சொல்லும் ஊசி, எலும்பிலிருந்து கால்சியம் கரைவதைத் தடுக்கும் வகையாக இருக்கலாம். அது வேலை செய்ய இரண்டு மூன்று நாளாகும்.

இனி, காரணம். பெரியவர்களுக்குக் கால்சியம் ஏறுவதில் பத்துக்கு ஒன்பது பங்கு இரண்டே காரணங்கள்: பாராதைராய்டு சுரப்பியின் கோளாறு, இல்லையென்றால் புற்றுநோய். கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் பருப்பளவில் இருக்கும் நான்கு சுரப்பிகள்தான் பாராதைராய்டு. அவை சுரக்கும் பி.டி.ஹெச். ஹார்மோனை அளக்க ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு. அதை எடுத்தார்களா என்று கேளுங்கள். கால்சியம் ஏறியிருக்கும்போது இந்த ஹார்மோன் அடங்கித்தான் இருக்க வேண்டும். அடங்காமல் இருந்தால் சுரப்பியில்தான் கோளாறு. அது பெரும்பாலும் சாதாரணக் கட்டிதான். அறுவை சிகிச்சையில் எடுத்துவிடலாம். அடங்கியிருந்தால் வேறு இடத்தில் தேட வேண்டும். புற்றுநோய்ப் பரிசோதனை அதற்காகத்தான். பார்க்கச் சொன்னதாலேயே இருக்கிறது என்று ஆகிவிடாது. ஆனால் பயந்துகொண்டு அதைத் தவிர்க்காதீர்கள். தீராத முதுகுவலி, ரத்தசோகை, மார்பில் கட்டி, எடை இறங்குதல் எது இருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். காசநோய்கூடக் கால்சியத்தை ஏற்றும்.

மூட்டுவலி மருந்து என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் எனக்கு உறுத்துகிறது. அதில் வைட்டமின் டி பவுடர் உண்டா?

இதே நிலையில் ஒரு பெரியவரைக் கொண்டுவந்தார்கள். எந்தப் பரிசோதனையிலும் பிடி கிடைக்கவில்லை. வீட்டிலிருக்கும் மருந்தையெல்லாம் எடுத்து வரச் சொன்னேன். மருமகள் ஒரு மஞ்சள் பையைக் கட்டிலில் கொட்டினார். கத்தரித்த பாக்கெட்டுகள், ஒவ்வொன்றும் 60,000 யூனிட். வாரம் ஒன்று, எட்டு வாரம் என்று எழுதிக் கொடுத்ததை, கால்வலி குறைகிறதே என்று மாதக்கணக்கில் தினமும் பாலில் கலந்து குடித்திருக்கிறார். சத்துமருந்துதானே என்று அவரை யாரும் தடுக்கவில்லை. வைட்டமின் டி கொழுப்பில் போய்த் தங்கிவிடும். நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில் கால்சியத்தை ஏற்றிக்கொண்டே இருக்கும். அவருக்குச் சலைனோடு ஸ்டீராய்டும் கொடுக்க வேண்டியிருந்தது.

ஆகவே காலிக் கவர் உட்பட எல்லாவற்றையும் டாக்டரிடம் காட்டுங்கள்: கால்சியம் மாத்திரை, நெஞ்செரிச்சலுக்கு மெல்லும் மாத்திரை, எப்போதோ போட்ட வைட்டமின் ஊசியின் சீட்டு. பிரஷர் மாத்திரையையும் காட்டுங்கள். சில பிரஷர் மாத்திரைகளில் சேர்ந்திருக்கும் தயசைடு வகை மருந்து, சிறுநீரில் கால்சியம் போவதைக் குறைக்கும். ஆனால் நீங்களாக அதை நிறுத்தாதீர்கள்.

பால் மட்டும் 14.6 வரை ஏற்றாது. வைட்டமின் டி-தான் காரணம் என்று தெரிந்தால் கொஞ்ச நாள் பாலைக் குறைக்கச் சொல்வார்கள். அதுவரை வழக்கமான ஒரு டம்ளர் போதும். கால்சியம், வைட்டமின் டி மருந்துகளை மட்டும் இன்றே நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். சிறுநீரகத்துக்கோ இதயத்துக்கோ தடை சொல்லாவிட்டால் தண்ணீர் நிறையக் கொடுங்கள்.

11.2 என்பது இன்னும் கூடுதல்தான். ஊசியின் வேகம் குறைந்ததும் மறுபடி ஏறலாம். ஒரு வாரத்துக்குள் கால்சியம், ஆல்புமின், கிரியாட்டினின் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். ஆல்புமின் குறைந்திருந்தால், சீட்டில் அச்சாகியிருப்பதைவிட உண்மையான கால்சியம் அதிகமாக இருக்கும். அம்மா மறுபடி ஓயாமல் தூங்கினாலோ, பேச்சு குழறினாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ அந்த ஒரு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். நேரே எமர்ஜென்சிக்குப் போய், முதல் வார்த்தையாகவே போன தடவை கால்சியம் 14.6 இருந்தது என்று சொல்லுங்கள்.