தூண்டில் கோலுக்கு எத்தனை வளையம் வேண்டும்?



நம்ம அம்பத்தூர் ஏரிக்கரையில் மூங்கில் கோலும் தங்கூசியும் வைத்து மீன் பிடிப்பவர்களைப் பார்த்திருப்பீங்க. அந்தக் கோலில் வளையமே கிடையாது. நரம்பை நுனியிலேயே கட்டி விடுவார்கள். அதனால் தூண்டில் ரொம்ப தூரம் போகாது. தூரமாக வீச ரீல் வேண்டும். ரீல் வந்தால், நரம்பைக் கோல் வழியாக நடத்திப்போக வளையங்களும் வேண்டும். கடையில் இதை 'கைடு' என்பார்கள்.

ஏரியில் தூண்டில் போடுவதற்கென்றே நம் பக்கத்து அதிகாரி ஒருவர் புத்தகம் எழுதியிருக்கிறார் தெரியுமா? சென்னை மாகாணத்தில் பணி செய்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்ற ஆங்கிலேயர் 1873-இல் 'தி ராட் இன் இந்தியா', 1887-இல் 'டேங்க் ஆங்லிங் இன் இந்தியா' என்ற நூல்களை வெளியிட்டார். 'டேங்க்' என்றால் நம்ம ஏரி, குளம்தான்.

இப்போது சிலர் வெறும் கோலை வாங்கி, வளையங்களைத் தாங்களே பொருத்துகிறார்கள். எங்க மாமாவும் ஒன்று செய்கிறார். வளையத்தை நூல் சுற்றித்தான் கட்டணும். அந்த வேலை என்னுடையது! அதனால் கற்றுக்கொண்டதைச் சொல்றேன்.

1. வளையம் எதற்கு?

நரம்புக்கு வழி காட்ட மட்டும் இல்லை. மீன் இழுக்கும்போது கோல் வில் மாதிரி வளையும். நரம்பும் அந்த வளைவோடு கூடவே போனால், பாரம் கோல் முழுக்கப் பரவும். வளையம் குறைவாக இருந்தால் நரம்பு குறுக்கு வழியில் நேராக ஓடும். பாரம் ஓரிரு இடத்தில் சேர்ந்துவிடும். அங்கேதான் கோல் ஒடியும்.

2. எத்தனை?

கோல் எத்தனை அடியோ கிட்டத்தட்ட அத்தனை வளையம், நுனி வளையம் தனி. 7 அடிக் கோலுக்கு 7 வைத்து ஆரம்பிக்கலாம். நுனிப்பக்கம் நெருக்கமாகவும், பிடிப்பக்கம் இடைவெளி விட்டும் வைக்கணும். ஏனென்றால் நுனிதான் அதிகம் வளையும்.

அப்படியென்றால் நிறைய வைத்தால் நல்லதா? இல்லை. ஒரு அடி ஸ்கேலை மேசை ஓரத்தில் பாதி நீட்டி அழுத்திப் பிடித்து, நுனியைத் தட்டி விடுங்கள். வேகமாக ஆடும். நுனியில் ஒரு ரூபாய் நாணயத்தை ஒட்டித் தட்டுங்கள். மெதுவாக ஆடும். கோலும் அப்படித்தான். நுனியில் எடை கூடினால் துள்ளல் குறையும், வீச்சு மந்தமாகும்.

3. எந்த அளவு?

முதலில் ரீலைப் பாருங்கள். ஸ்பின்னிங் ரீல் கோலுக்கு அடியில் தொங்கும். அதிலிருந்து நரம்பு சுருள் சுருளாக வெளியே வரும். முதல் வளையம் சின்னதாக இருந்தால் சுருள் அதில் அடிபடும், உராய்வு கூடும். அதனால் முதல் வளையம் 25 அல்லது 30 மி.மீ., பிறகு படிப்படியாகக் குறைந்து நுனியில் 6 முதல் 8 மி.மீ. எண்ணெய் ஊற்றும் புனல் மாதிரி! பெய்ட்காஸ்டிங் ரீல் கோலின் மேலே உட்காரும். அதில் நரம்பு சுருளாமல் வரும். சிறிய வளையமே போதும். ஆனால் கோல் வளையும்போது நரம்பு கோலில் உரசக் கூடாது.

4. எதனால் ஆனது?

உள் வளையம் வழவழப்பாகவும் கடினமாகவும் இருக்கணும். சாதாரண எவர்சில்வர் வளையத்தில் பின்னல் நரம்பு ஓடி ஓடி நாளடைவில் பள்ளம் விழும். அலுமினியம் ஆக்சைடு வளையம் அதைவிடக் கடினம். மாணிக்கக் கல்லும் இதே பொருள்தான்! சிலிக்கான் கார்பைடு இன்னும் கடினம், உராய்வுச் சூட்டையும் சீக்கிரம் கடத்திவிடும், விலையும் அதிகம். கடலில் பிடிப்பவர்கள் சட்டம் துருப்பிடிக்காமலிருக்க டைட்டானியம் தேடுவார்கள். ஏரிக்கு எவர்சில்வர் சட்டமே போதும்.

5. கட்டும் முன் சோதனை

சைக்கிள் டியூப்பை மோதிரம் போல நறுக்கி, அதால் வளையங்களைத் தற்காலிகமாக மாட்டுங்கள். நரம்பைக் கோர்த்து நுனியில் அரைக் கிலோ எடை கட்டித் தூக்குங்கள். நரம்பு வளைவோடு போகிறதா? எங்காவது நேர்கோடாக ஓடினால் வளையங்களை நகர்த்துங்கள். அப்படியும் சரியாகாவிட்டால் ஒன்று கூட்டுங்கள். பிறகுதான் நூல் சுற்றி எபாக்சி பசை பூசணும்.

பழைய வளையமா? உள்ளே பஞ்சைத் தேய்த்து எடுங்கள். பஞ்சு சிக்கினால் அங்கே விரிசல் இருக்கு. உடனே மாற்றுங்கள்.

ஏன் இவ்வளவு கவனம்? விரிசல் விட்ட வளையம் நரம்பை அறுத்துவிடும். மீன் முள்ளோடு ஓடிவிடும். அறுந்த தங்கூசி மக்காமல் பல வருஷம் ஏரியிலேயே கிடக்கும். நீர்க்காகமும் கொக்கும் அதில் காலையோ இறக்கையையோ மாட்டிக்கொண்டால் தப்பிக்க முடியாது. ஒரு சின்ன வளையத்தைச் சரியாகப் பார்த்தால் கோலும் பிழைக்கும், பறவையும் பிழைக்கும்.

கரையில் அறுந்த நரம்பு கிடந்தால் சுருட்டி எடுத்து வந்துவிடுங்கள், நண்பர்களே!

யோசிக்க ஒரு கேள்வி: தூண்டில் கோல் எந்த வகை நெம்புகோல்? விடையை இந்தத் தாளின் கீழே எழுதுங்கள்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி