கோயிலும் பகோடா, காசும் பகோடா

கேள்வி: கம்பெனிக் காலத்து ஆங்கில ஏடுகளில் சிதம்பரம் கோயிலை ‘பகோடா’ என்கிறார்கள், கடலூர்க் கோட்டைக் கணக்கையும் ‘பகோடா’வில் எழுதுகிறார்கள். இரண்டும் ஒன்றா?
– ஒரு வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: சொல் ஒன்று, பொருள் வேறு. (டீக்கடைப் பக்கோடாவுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.) போர்ச்சுக்கீசியர் நம் கோயிலையும் உள்ளே இருந்த விக்கிரகத்தையும் ‘பகோடே’ என்றார்கள். ஆங்கிலேயர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். மூலம் பாரசீகத்தில் சிலை வீட்டைக் குறிக்கும் ‘புத்கதா’ என்பார் சிலர். ‘பகவதி’ என்பார் வேறு சிலர். எனக்குப் பகவதிதான் பொருத்தமாகப் படுகிறது. ஆங்கிலேயர் பகோடா என்ற நம் வராகன் காசில் சாமி உருவம் இருந்ததல்லவா, காசுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது அதனால்தான் என்பார்கள்.

1690-இல் கம்பெனி வாங்கிய தேவனாம்பட்டினம் செயின்ட் டேவிட் கோட்டையில் புழங்கியது இந்தக் காசு. சென்னைக் கணக்கில் ஒரு பகோடா 42 பணம் (‘பணம்’ என்பது அன்றைய சிறு காசு). ஏறக்குறைய மூன்றரை ரூபாய். கோயில் என்ற பொருளுக்கு வருவோம்: 1781 ஜூனில் ஹைதர் அலியின் ஆட்கள் காவலிருந்த சிதம்பரம் ‘பகோடா’வைத் தாக்கிய கம்பெனிப் படைத் தளபதி அயர் கூட், பலிக்காமல் திரும்பினார். அங்கே பகோடா என்பது மதில் சூழ்ந்த கோயில். காசுப் பகோடாவுக்கோ, 1818-இல் சென்னைக் கணக்கு ரூபாய்க்கு மாறியதும் மவுசு போயிற்று.

பழைய ஏட்டில் எண்ணோடு வந்தால் காசு, ஊர்ப் பெயரோடு வந்தால் கோயில் என்று படியுங்கள், பெரும்பாலும் தப்பாது.