கத்தரிக்காயும் ஓர் அச்சமும்

மின்னி பேயில் வாழும் தமிழர் வீடுகளிலும் சாம்பாருக்குச் சுவை கூட்டுவது கத்தரிக்காய். எல்லாரும் அறிந்த இக்காய், ஒரு காலத்தில் நாடு தழுவிய விவாதத்திற்குப் பொருளாயிற்று.

கத்தரியைக் காய்த்துளைப்பான் புழு பெரிதும் அழிக்கிறது. அதனைத் தடுக்க உழவர் பலமுறை பூச்சிக்கொல்லி தெளிக்கின்றனர். மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவைக் கத்தரியில் புகுத்தினால், அப்புழுவைக் கொல்லும் புரதத்தைச் செடியே உண்டாக்கும். இதுவே பி.டி. கத்தரி. மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு 2009 அக்டோபரில் இதற்கு இசைவளித்தது. எதிர்ப்பு எழவே, சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் மக்கள் கருத்தைக் கேட்டார். 2010 பிப்ரவரி 9 அன்று அதன் சாகுபடியை நிறுத்திவைத்தார். வங்காளதேசமோ 2013இல் பி.டி. கத்தரிக்கு இசைவளித்தது.

மக்களின் அச்சத்திற்கு மூன்று வேர்கள் உண்டு.

முதல் வேர், இயல்பு பற்றிய எண்ணம். அரிஸ்டாட்டில் உயிர்களை வகைப்படுத்தினார். தொல்காப்பியமும் ஓரறிவு முதல் ஆறறிவு வரை உயிர்களைப் பகுத்தது. தினை விதைத்தால் தினையே விளையும் என்பது உழவர் பட்டறிவு. ஆகவே, செடிக்குள் பாக்டீரியாவின் மரபணு என்றதும் எல்லை மீறப்பட்டதாக மனம் திடுக்கிடுகிறது. ஆனால், இன்றைய கத்தரியும் முள்ளும் கசப்பும் மிக்க காட்டுச்செடியிலிருந்து மனிதர் தேர்ந்தெடுத்து வளர்த்ததே. எல்லா உயிர்களின் மரபணுக்களும் ஒரே நான்கு வேதி எழுத்துகளால் ஆனவை.

இரண்டாம் வேர், மீட்க இயலாத விளைவு பற்றிய கவலை. ஆங்கிலேயர் அந்தமானுக்குக் கொண்டுவந்த புள்ளிமான் பெருகி, காட்டின் இளங்கன்றுகளை மேய்ந்து அழிக்கிறது. அதனைத் திரும்ப அழைக்க இயலவில்லை. வருந்தலைமுறைக்கும் நாமே பொறுப்பு என்று மெய்யியலாளர் ஹான்ஸ் யோனாஸ் 1979இல் வெளியிட்ட நூலில் வலியுறுத்தினார்.

மூன்றாம் வேர், உரிமை. விதையை வீட்டிலேயே சேமித்த உழவர், அதனை ஆண்டுதோறும் விலைகொடுத்து வாங்க நேருமோ என அஞ்சினர்.

முதல் அச்சத்திற்கு அறிவியல் பாடம் விடை தரும். இரண்டாம் அச்சத்திற்கு நெடுநாள் ஆய்வு வேண்டும். மூன்றாவதற்குச் சட்டமும் நீதியும் வேண்டும். எந்த அச்சம் எத்தகையது எனப் பிரித்தறிதலே சிந்திப்போர் கடமை.

சொற்பொருள்
இசைவு – ஒப்புதல்
பட்டறிவு – அனுபவம்
மெய்யியல் – தத்துவம்

வினாக்கள்
1. பி.டி. கத்தரி என்பது யாது?
2. புள்ளிமான் எடுத்துக்காட்டு எந்த அச்சத்தை விளக்குகிறது? எவ்வாறு?
3. கத்தரி பயிரிடும் உழவர் ஒருவர் பூச்சிக்கொல்லியால் நோயுற்றார் எனக் கொள்க. அவர் பி.டி. கத்தரியை வேண்டுவாரா, மறுப்பாரா? காரணத்துடன் ஐந்து வரிகளில் எழுதுக.