முன்வரிசை மைக்கும் பின்வரிசைத் தாளமும்

விஜயதசமியன்று பிள்ளையைப் பாட்டு வகுப்பில் சேர்க்கிறோம். ஆண்டு விழாவில் அது மைக்குக்குப் பக்கத்தில் நிற்கிறதா என்று கழுத்தை நீட்டிப் பார்க்கிறோம். இடைப்பட்ட மாதங்களில் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து என்ன கற்றார்கள் என்று விசாரிப்பதில்லை. யாரோ சொல்லக் கேட்டு நாம் கெட்டியாகப் பிடித்துக்கொண்ட சில நம்பிக்கைகள்தான் இதற்குக் காரணம்.

குரல் பிறவியில் வருவது, உழைப்பைப் பாராட்டுவது பாட வராத பிள்ளைக்கு ஆறுதல் என்பது முதல் நம்பிக்கை. குரலின் இனிமை பிறவியில் வரலாம். சுருதியில் நிற்பது சாதகத்தில்தான் வரும். கிளாடியா ம்யூலர், கேரல் ட்வெக் இருவரும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலருடைய அறிவையும் சிலருடைய உழைப்பையும் பாராட்டினார்கள். கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கியவர்கள் அடுத்து எளிய வேலையையே நாடினார்கள்; தவறியதும் சோர்ந்தார்கள். அது பாட்டு வகுப்பில் நடந்ததல்ல. ஆனாலும், “என்ன குரல்!” என்று கேட்டே வளர்ந்த பிள்ளை புதிய வர்ணத்தைத் தொடத் தயங்குவதைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பிருக்காது. குரல் முதல் நாளே காதில் விழுகிறது, சாதகம் வீட்டுக்குள் நடக்கிறது. அதனால்தான் இந்தத் தவறு இன்னும் உயிரோடிருக்கிறது.

ஓங்கிப் பாடுகிற பிள்ளைதான் வகுப்பைத் தாங்குகிறது என்பது அடுத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் போய் உட்கார்ந்து கேட்க வேண்டும். ஆதி தாளத்தில் சரளி வரிசை: முதற்காலத்தில் எண்ணிக்கைக்கு ஒரு ஸ்வரம், இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. ஓர் ஆவர்த்தனத்துக்கு 32 ஸ்வரங்கள். அங்கேதான் காலப்பிரமாணம் ஓடத் தொடங்கும். முன்வரிசைக் குரல் உற்சாகத்தில் எல்லோரையும் இழுத்துக்கொண்டு போகும். பின்வரிசையில் ஒரு பையன் தொடையில் தட்டி, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று அசையாமல் எண்ணிக்கொண்டிருப்பான். இரண்டு ஆவர்த்தனத்தில் வகுப்பு அவன் கைக்குத் திரும்பியிருக்கும். இதற்கு நம்மிடம் கோப்பை இல்லை. நாகஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுபவரும் இப்படித்தான்: மணிக்கணக்கில் ஒரே ஸ்வரம், மூச்சு அறாமல். அவர் நிறுத்தினால் நாயனக்காரருக்குக் காலூன்ற இடமில்லை. (சுருதிப் பெட்டி வந்ததும் பல இடங்களில் அவரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டோம்.) கவனிக்கப்படாத பையன் ஒரு நாள் வகுப்புக்கு வருவதை நிறுத்துவான். அப்போதும் நாம், “அவனுக்குப் பாட்டு வரவில்லை” என்றுதான் சொல்வோம்.

அப்படியானால் எல்லோருக்கும் ஒரே சான்றிதழ் கொடுத்துவிடலாமே என்பார்கள். அதுவும் தவறு. கூட்டமாகக் கயிறு இழுக்கும்போது ஆளுக்கு ஆள் இழுக்கும் பலம் குறைகிறது என்று ரிங்கெல்மான் என்ற ஆய்வாளர் 1913இலேயே எழுதினார். பின்னாளில் கைதட்டலையும் கூச்சலையும் வைத்துச் சோதித்தபோதும் அதே தளர்வு தெரிந்தது. ஆனால், அவரவர் எழுப்பும் ஓசை தனியே தெரியவரும் என்று சொன்னதும் அந்தத் தளர்வு மறைந்தது. கூட்டத்தை மொத்தமாகப் பாராட்டினால் யாரையும் பாராட்டியதாகாது. இன்று யார் என்ன செய்தார் என்பதை ஆசிரியர் பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும்.

பரிசைக் காட்டினால் சாதகம் பெருகும் என்ற நம்பிக்கைக்கு 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற ஆய்வாளர்கள் பதில் சொல்லிவிட்டார்கள். பரிசு உண்டு என்று முன்கூட்டியே சொல்லி வரையவைத்த மழலைகள், பிறகு தாமாக வரைவதைக் குறைத்துக்கொண்டார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களிடம் இந்தக் குறைவு இல்லை.

விழா முடிந்து வீடு திரும்பும் வழியில், “உனக்கு என்ன கிடைத்தது?” என்றுதான் கேட்கிறோம். அந்தப் பின்வரிசைப் பையனிடம் இன்று நீ என்ன செய்தாய் என்று கேட்டால், “சும்மா தாளம் போட்டேன்” என்பான். வகுப்பே அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது என்று அவனிடம் யாரும் சொன்னதில்லை.